ஆள் பாதியானது எப்படி? ஆபீசில் சொல்லணுமா, மறைக்கணுமா?

(நமது நிருபர்)

கோவை,

எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, வேலை செய்யும் இடத்தில் மூச்சு விடாமல் மறைத்து விடுகிறவர்கள் உண்டு.

பத்து நாள் லீவு. கேட்டால் "குடல் இறக்கம்" என்றோ "பித்தப்பைக் கல்" என்றோ ஒரு காரணம். திரும்பி வந்து ஆறே மாதத்தில் ஆள் பாதி! சட்டை தொளதொள! பெல்ட்டில் புது ஓட்டை!

அப்புறம் கேள்விக்குப் பஞ்சமா?

"ஏனுங்க சார், ஆளே பாதியாப் போயிட்டீங்க! ஒடம்புக்கு ஏதாவதுங்களா?"

"சர்க்கரை வந்துருச்சுங்களா?"

"இப்ப புதுசா ஊசி வந்திருக்குதாமா, அதுங்களா?"

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டுமா? முதலாளிக்குச் சொல்லாவிட்டால் குற்றமா? டாக்டர் வாயிலிருந்து விஷயம் வெளியே வரலாமா? யாரிடம் மறைக்கலாம், யாரிடம் மறைத்தால் உயிருக்கே ஆபத்து?

இதுபற்றிய விவரம் வருமாறு:

வயிற்றில் என்ன செய்கிறார்கள்?

இரண்டு வகை ஆபரேஷன்தான் அதிகம் நடக்கிறது.

ஒன்று, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி நீளமான ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பது. இன்னொன்று, இரைப்பையின் மேல்பாகத்தில் கோழிமுட்டை அளவுக்கும் குறைவான ஒரு சின்னப் பையை ஒதுக்கி, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்து விடுவது. இதை "பைபாஸ்" என்கிறார்கள். இருதய பைபாஸ் வேறு, இது வேறு.

வயிற்றைப் பிளப்பதில்லை. நாலைந்து சின்னத் துளை போட்டு, கேமராவில் பார்த்தபடியே முடித்து விடுகிறார்கள். இந்தத் துளை வழி ஆபரேஷனில் கோவைக்கு வெளியூரிலும் வெளிநாட்டிலும் பெயர் உண்டு. ராமநாதபுரம் பங்கஜா மில் ரோட்டில் ஜெம் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் சி.பழனிவேலு இந்த முறையில் பிரசித்தி பெற்றவர். எடை குறைக்கும் ஆபரேஷனும் அங்கே நடக்கிறது.

வழக்கமாக இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். நாற்காலி வேலை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆபீஸ் போகலாம். மூட்டை தூக்குவது, பவுண்டரி வேலை என்றால் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். ஆக, லீவு விஷயத்தில் மறைப்பது சுலபம். தழும்புகூடச் சட்டைக்குள்தான்.

ஆனால் சாப்பாடு காட்டிக் கொடுத்து விடும்!

முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம். பிறகு மசித்தது. பிறகு குழைந்தது. கெட்டிச் சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம். அதுவும் ஒரு கிண்ணம்கூட இறங்காது. நேற்று வரை டிபன் கேரியர் நிறைய அரிசிம்பருப்புச் சாதம் கொண்டு வந்தவர், இன்று ஒரு சின்ன டப்பாவை அரை மணி நேரம் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்க மாட்டாரா? மூன்றாவது மாதத்துக்கு மேல் பலருக்கு முடி கொட்டும். "என்னமோ பெரிய வியாதி" என்று கேன்டீனில் கதை கிளம்பி விடும்.

ஏன் மறைக்கிறார்கள்?

காரணம் ஒன்றல்ல.

"குறுக்கு வழியில் இளைத்தவன்" என்ற ஏச்சு முதல் காரணம். குண்டாக இருந்தபோது "பூசணி" என்று பட்டப்பெயர் வைத்த அதே வாய்தான், இளைத்த பிறகு "நாக்கைக் கட்டத் தெரியல, கத்தி வச்சுக்கிட்டான்" என்று சொல்கிறது.

ஆனால் இது சோம்பேறிகளின் ஆபரேஷன் அல்ல. ஸ்வீடன் நாட்டில் 4,047 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு என்று 2007-ல் முடிவு வெளியிட்டார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு இவற்றோடு போராடுகிறவர்களுக்கு இது வைத்தியம், அலங்காரம் அல்ல.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் ஒரு எண் வரும். அதுதான் பி.எம்.ஐ. அது 40-ஐத் தொட்டவர்கள், அல்லது 35-ஐத் தொட்டுக் கூடவே வியாதியும் உள்ளவர்கள் என்று 1991-ல் அமெரிக்காவில் வரையறுத்தார்கள். 5 அடி 5 அங்குலம் உயரமுள்ளவருக்கு 109 கிலோ என்றால் 40. 2022-ல் சர்வதேச டாக்டர்கள் சங்கங்கள் இந்த அளவை இன்னும் தளர்த்தின.

வேலை பயம் இரண்டாவது காரணம். "இவன் நோயாளி, பதவி உயர்வு கொடுத்தால் தாங்குவானா?" என்று மானேஜர் நினைத்து விடுவாரோ என்ற பயம்.

மூன்றாவது, நம் ஊர்க் காரணம். கொங்கு நாட்டில் யாருக்கு யார் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஆபீசில் ஒருவருக்குத் தெரிந்தால், பொழுதோடு அவிநாசியில் தெரியும். மறுநாள் கோபிசெட்டிபாளையத்தில் பெண் பார்க்கும் இடத்தில் தெரியும்!

பொய்ப் பெயரில் கவர்னர்!

மறைப்பது நம் ஊர் குமாஸ்தா மட்டும்தானா? இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநில கவர்னரே மறைத்தார்.

அவர் நியூஜெர்சி கவர்னராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி. 2013 பிப்ரவரி 16, சனிக்கிழமை. மாற்றுப் பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரைப்பையைச் சுற்றிப் பட்டை மாட்டும் ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கே வீடு திரும்பி விட்டார். ஊருக்குத் தெரியாது, சட்டசபைக்குத் தெரியாது.

மே மாதம் ஒரு பத்திரிகை மூலம் விஷயம் வெளியே வந்தது. பரபரப்பு! "ஜனாதிபதி தேர்தலுக்காக இளைக்கிறார்" என்று பேச்சு கிளம்பியது. கிறிஸ்டி அசரவில்லை. ஐம்பது வயதாகிவிட்டது, மனைவி மக்களுக்காகச் செய்துகொண்டேன், இது என் சொந்த விஷயம் என்று விளக்கம் கொடுத்தார். அதோடு முடிந்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் மூன்று மாதம் சொல்லாமல் இருந்தார். கேட்டபோது ஒப்புக்கொண்டார்.

கூட வேலை செய்தவர்களையும் பொய் சொல்ல வைத்த நட்சத்திரம்

அதே அமெரிக்காவில் இன்னொரு கதை. ஸ்டார் ஜோன்ஸ் என்பவர் புகழ்பெற்ற டி.வி. நிகழ்ச்சித் தொகுப்பாளர். 2003-ல் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டார். எடை மளமளவென்று இறங்கியது. தினமும் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் நிகழ்ச்சி. எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. ஆபரேஷன்தான் என்று 2007-ல்தான் ஒரு பத்திரிகையில் ஒப்புக்கொண்டார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அதே நிகழ்ச்சியை நடத்திய மூத்த பத்திரிகையாளர் பார்பரா வால்டர்ஸ் 2008-ல் சுயசரிதை வெளியிட்டார். சாப்பாட்டைக் குறைத்து, உடற்பயிற்சி செய்து இளைத்ததாகத் தோழிக்காகத் தாங்களும் சேர்ந்து பொய்யைத் தாங்க வேண்டியிருந்தது என்று அப்போது போட்டு உடைத்தார். கூட வேலை செய்தவர்களுக்கு உறுத்தியது ஆபரேஷன் அல்ல, பொய்தான்!

சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பதற்கு இந்த இரண்டு பேர் கதையே போதும்.

நம் நாட்டு மந்திரிகள்

நம் நாட்டில் பெரிய மனிதர்கள் அவ்வளவாக மறைக்கவில்லை. பாரதீய ஜனதா கட்சித் தலைவராக இருந்தபோது நிதின் கட்காரி 2011 செப்டம்பரில் மும்பையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். செய்தி பத்திரிகைகளில் வந்தது.

மத்திய நிதி மந்திரியாக இருந்த அருண் ஜெட்லி 2014 செப்டம்பரில் டெல்லியில் செய்துகொண்டார். நெடுநாள் சர்க்கரை நோயால் கூடிய எடையைச் சரிசெய்ய என்று வெளிப்படையாகவே தெரிவிக்கப்பட்டது. கட்காரியும் சரி, ஜெட்லியும் சரி, பதவியில் தொடர்ந்தார்கள்.

மத்தியப் பிரதேச போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் கதை உருக்கமானது. 2017-ல் அவருடைய படத்தைப் போட்டு ஒரு பிரபல எழுத்தாளர் கேலி செய்தார். நாடே சிரித்தது. அடுத்த மாதமே மும்பையில் ஒரு டாக்டர் அவருக்கு ஆபரேஷன் செய்தார். அவருக்கு மறைக்க வழியே இருக்கவில்லை.

ஆனால் மந்திரிக்கு வேலை போகும் பயம் இல்லை. பனியன் கம்பெனி சூபர்வைசருக்கும் மில் குமாஸ்தாவுக்கும் அந்தப் பயம் உண்டு. அவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

டாக்டர் வாய் திறக்கலாமா?

கூடாது.

2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடுவது தவறு. மூன்று விதிவிலக்குதான். கோர்ட்டு கேட்டால் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து என்றால் சொல்லலாம். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய் என்றால் சொல்லலாம்.

இதற்கு 1998-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. நோயாளிக்கு "எக்ஸ்" என்றும் ஆஸ்பத்திரிக்கு "இசட்" என்றும் பெயரை மறைத்தே தீர்ப்பு எழுதினார்கள். எச்.ஐ.வி. இருந்தவரின் திருமணம் நின்று போனதால் வந்த வழக்கு அது. ரகசியம் நோயாளியின் உரிமைதான், ஆனால் மணப்பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த உரிமை நிற்காது என்று கோர்ட்டு சொன்னது. வயிறு ஆபரேஷனால் பக்கத்து சீட்டுக்காரர் உயிருக்கு என்ன ஆபத்து? ஆகவே டாக்டர் மானேஜரிடம் சொல்ல நியாயமே இல்லை.

2017 ஆகஸ்ட் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

காகிதம் பேசி விடும்!

டாக்டர் வாயை மூடிக்கொள்வார். காகிதம் மூடாது.

ஆபரேஷன் செலவு லட்சக்கணக்கில். கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் கார்டைக் கவுண்டரில் நீட்டினால், ஆஸ்பத்திரியிலிருந்து இன்சூரன்ஸ் ஏஜென்சிக்குக் காகிதம் போகும். சில கம்பெனிகளில் கிளெய்ம் பாரமே எச்.ஆர். மேஜை வழியாகத்தான் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் பெயர் முழுசாக இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுக்கப் போன பையனுக்கும் தெரிந்து விடும்!

ஆகவே ரகசியம் வேண்டும் என்கிறவர்கள் அட்மிட் ஆவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி: கிளெய்ம் காகிதம் யார் யார் கைக்குப் போகும்? இன்சூரன்ஸ் ஏஜென்சிக்கு நேராக அனுப்ப வழி உண்டா? கம்பெனிக்குப் போகும் பட்டியலில் வியாதியின் பெயர் இருக்குமா, தொகை மட்டும்தானா?

சொந்தப் பாலிசி வைத்திருந்தால் கம்பெனிக்கு வேலையில்லை. ஆனால் அதிலும் நிபந்தனை உண்டு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் கொடுத்த விதிப்படி, பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35-ஓடு கட்டுக்கடங்காத சர்க்கரை, இருதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போல ஏதாவது இருக்க வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சிபாரிசும் வேண்டும். அழகுக்காக என்றால் பைசா கிடைக்காது.

லீவு லெட்டரில் என்ன எழுதுவது?

உண்மையை எழுதுங்கள். ஆனால் முழுக்கதை எழுத வேண்டியதில்லை.

"டாக்டர் ஆலோசனைப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற இருப்பதால் லீவு தேவை." இது உண்மை, போதுமானது. திரும்பி வரும்போது "சிகிச்சை பெற்றார், இன்ன தேதி முதல் வேலைக்குத் தகுதியானவர், இத்தனை வாரம் கனம் தூக்கக் கூடாது" என்று டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கலாம். கேட்டால் கொடுப்பார்கள். அதில் பொய் வியாதி எழுதச் சொல்லாதீர்கள். அது டாக்டருக்கும் கேடு, உங்களுக்கும் கேடு. லீவு பொய் என்று தெரிந்தால் மானேஜர் பிடித்துக்கொள்வது ஆபரேஷனை அல்ல, பொய்ச் சர்ட்டிபிகேட்டை!

கடை ஊழியர்களுக்கும் உரிமை உண்டு. 1947-ம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவித் தொகை கிடைக்கும். வருடத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம்.

ஒரு எச்சரிக்கை. பஸ் டிரைவர், ரயில் டிரைவர் போல மற்றவர்கள் உயிர் உங்கள் கையில் இருக்கும் வேலை என்றால், உடல்தகுதி பார்க்கும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது தலை சுற்றினால் ரகசியமா முக்கியம்?

மேஜை டிராயரில் எமன்!

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

ஆபீசில் தலைவலி. பக்கத்து சீட்டுக்காரர் டிராயரைத் திறந்து வலி மாத்திரை ஒன்று கொடுக்கிறார். வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். சாதாரண ஆளுக்கு ஒன்றும் ஆகாது. பைபாஸ் செய்துகொண்டவருக்கு இபுபுரூபன், டைக்ளோபெனாக் வகை மாத்திரை இரைப்பையில் புண் வைத்து விடும். ரத்தம் கசியும். சில சமயம் ஓட்டையே விழும்.

ஆயுத பூஜை. "ஒரே ஒரு ஜிலேபி சார், சாமி பிரசாதம்!" மறுக்க முடியாமல் வாயில் போடுகிறார். சற்று நேரத்தில் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைகிறது, கண் இருட்டுகிறது. இனிப்பு திடீரென்று குடலுக்குள் கொட்டுவதால் வரும் கோளாறு இது. பைபாஸ்காரர்களுக்கு அதிகம். சுற்றி நிற்பவர்களுக்கு மாரடைப்பு மாதிரித் தெரியும். தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே இருக்கும் டாக்டருக்கு இவர் வயிறு பழைய வயிறு அல்ல என்று யார் சொல்வது?

பார்ட்டியில் ஒரு பெக்? முன்பு நாலு குடித்தாலும் அசையாதவருக்கு இப்போது ஒன்றே தலைக்கு ஏறி விடும்.

தொடர்ந்து வாந்தி வந்தால் "காஸ்" என்று சோடா குடித்துச் சமாளிக்கக் கூடாது. வைட்டமின் பி-1 குறைந்து மூளையே பாதிக்கலாம். இரும்புச் சத்து, பி-12 மாத்திரைகளை ஆயுள் முழுவதும் டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டும். ஆபீசில் பார்த்து விடுவார்களே என்று மாத்திரையைத் தள்ளிப் போடுவது தற்கொலைக்குச் சமம்.

யாரிடம் மறைக்கவே கூடாது?

ஒன்று, எந்த டாக்டரிடமும். பல் பிடுங்கப் போனாலும் சொல்ல வேண்டும். கூடவே மணிபர்சில் ஒரு சீட்டு இருக்கட்டும். என்ன ஆபரேஷன், எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி, எந்த மாத்திரை கூடாது என்று எழுதி, ஆதார் கார்டுக்குப் பின்னால் செருகி வைக்கலாம்.

இரண்டு, கட்டிக்கொள்ளப் போகிறவரிடம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று பெண் வீட்டார் மறைக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பது நல்லது என்பது டாக்டர்கள் அறிவுரை. எடை இறங்கும் காலத்தில் தாய்க்கும் சேய்க்கும் சத்து போதாது. கலியாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டுங்களா?" என்று கேட்கும் ஊரில், புருஷனுக்கே தெரியாவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்?

மூன்று, இன்சூரன்ஸ் பாரத்தில். புதுப் பாலிசி எடுக்கும்போது "முன்பு ஆபரேஷன் உண்டா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினால், நாளைக்கு வேறு வியாதிக்கும் பணம் வராமல் போகலாம். சர்க்கரை நோயை மறைத்து எடுத்த மெடிக்கிளெய்ம் பாலிசிக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

நாலு, ஆபீசில் ஒரே ஒரு ஆளிடம். ஊரைக் கூட்ட வேண்டாம். பக்கத்து சீட்டில் வாய் இறுக்கமான ஒருவர் போதும். "எனக்கு மயக்கம் வந்தா இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க, பர்சுல சீட்டு இருக்குது" என்று சொல்லி வைத்தால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

ரகசியத்துக்காக ஆஸ்பத்திரியை மாற்றாதீர்கள்

"உள்ளூரில் செய்தால் தெரிந்து விடும்" என்று கண் காணாத ஊரில் கைராசி தெரியாத இடத்துக்குப் போவது பெரும் தவறு. இது பல் பிடுங்குவது மாதிரி அல்ல. தையல் கசிவு, ரத்தப் போக்கு, ரத்தக் கட்டி என்று அபாயம் உண்டு. தேர்ந்த கைகளில் மரணம் அபூர்வம்தான். ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் சென்னை அருகே தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எடை குறைப்பு ஆபரேஷனின்போது உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த ஆஸ்பத்திரியின் அனுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஐ.சி.யு. இருக்கிறதா, மயக்க டாக்டர் யார், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மாதாமாதம் திரும்பப் போய்க் காட்ட வசதியான தூரமாகவும் இருக்க வேண்டும்.

கேட்டால் என்ன சொல்வது?

கடைசியாக, கேன்டீன் கேள்விக்குப் பதில்.

"வாக்கிங் போறேன், சப்பாத்தி சாப்பிடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டு, பக்கத்து சீட்டில் இருக்கும் 110 கிலோ ஆள் ஆறு மாதம் வாக்கிங் போவார். அரைக் கிலோ இறங்காது. "நமக்குத்தான் மன உறுதி இல்லை" என்று தன்னையே நொந்துகொள்வார். நீங்கள் சொன்ன பொய்க்கு அவர் தண்டனை அனுபவிப்பார்.

2025-ல் மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு "ஊசியா?" என்பதும் சேர்ந்துகொண்டது. அதற்கும் ஆமாம் போட வேண்டியதில்லை.

"டாக்டர்கிட்டப் போனேனுங்க. அவர் சொன்னபடி நடக்கறேன். இப்ப நல்லாருக்கேனுங்க." இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ரகசியமும் வெளியே போகவில்லை.

அதற்கு மேலும் தோண்டினால்?

"சொந்த விஷயமுங்க" என்று சிரித்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்துவிட வேண்டியதுதான். ஆனால் அதே கேள்வியைக் குண்டாக இருக்கும் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுக் கண்ணில் கவலையோடு கேட்டால், அவரிடம் உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அவர் கேட்பது வம்புக்காக அல்ல.